திருத்திய பேட்ச்சை மீண்டும் அனுப்பும் முறை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திறமூல மென்பொருள் திட்டமொன்றுக்கு முதல் பேட்ச்சை, அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றத்தைக் காட்டும் கோப்பை, அனுப்புவதற்கு வழிகாட்டிகள் ஏராளம் கிடைக்கின்றன. அதற்கு மறுமொழி வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் குறைவானவர்களே சொல்லித் தருகிறார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் வார இறுதிகளில் என்னிடம் நிரலாக்கம் பயில வரும் பிள்ளைகளில் சிலர், தாம் அனுப்பிய பேட்ச்சில் நான்கைந்து இடங்களைத் திருத்தச் சொல்லி மடல் வந்ததும், "வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் சேர்" என்று முகம் வாடி வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். அது நிராகரிப்பு அன்று. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) போன்ற ஒரு திட்டத்தில் ஓரளவு பெரிய மாற்றம் எதுவும் மூன்று, ஐந்து, சில வேளைகளில் பத்துப் பதிப்புகளைக் கடந்த பின்னரே ஏற்கப்படுவது வழமை. திருத்தம் கேட்டு ஒருவர் எழுதுகிறார் என்றால், உங்கள் நிரலை அவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

கர்னல், கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி), கியூஎமு (மெய்நிகர் கணினி மென்பொருள்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) ஆகிய திட்டங்கள் தம் பேட்ச்களை மின்னஞ்சல் வழியாகவே பெற்று, மடலாடற்குழுவில் எல்லோரும் காண மீளாய்வு செய்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் கர்னலின் முறையைத் தழுவியே செல்கிறது. ஏனைய திட்டங்கள் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளையும் குறிகளையும் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலில் பதில், பிறகுதான் பேட்ச்

மீளாய்வு மடல் வந்ததும் கை துறுதுறுக்கும். கேட்டதையெல்லாம் திருத்தி அன்றிரவே அனுப்பிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வந்த மடலுக்குப் பதில் எழுதுவதே முதல் வேலை. நம் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் பிழை சொன்னால், எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையசைத்துவிட்டுப் போய் வேலையைச் செய்வதே மரியாதை. மின்னஞ்சலில் தலையசைப்பு தெரியாது. நீங்கள் மௌனமாக இருந்தால், சொன்னதை நீங்கள் ஏற்றீர்களா, புரியாமல் விட்டீர்களா, பொருட்படுத்தவே இல்லையா என்பதை மறுமுனையில் இருப்பவர் அறிய வழியில்லை. அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை அவர் படிக்கமாட்டார். படிக்காததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பதிலை, வந்த மடலின் தலைக்கு மேலே மொத்தமாக எழுதக்கூடாது. மீளாய்வாளர் எழுதிய ஒவ்வொரு கருத்துக்கும் கீழே, அந்தந்த இடத்திலேயே உங்கள் பதில் அமைய வேண்டும். பதில் தேவைப்படாத பகுதிகளை வெட்டி நீக்கிவிடுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்பவர் எதை விடுவது, எதை வெட்டுவது என்று பார்த்துத்தான் கத்தியை வைப்பார். மடலையும் அவ்வாறே கவ்வாத்து செய்ய வேண்டும். நானூறு வரிப் பேட்ச்சை முழுவதுமாக மேற்கோள் காட்டிவிட்டு, அதன் நடுவே எங்கோ "சரி" என்று ஒரு சொல் எழுதிவைத்தால், அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையையும் சேர்த்து அவர் தலையில் சுமத்துகிறீர்கள்.

ஏற்கும் கருத்துக்கு "ஆம், இதை அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்" என்ற ஒற்றை வரி போதும். ஏற்க முடியாத கருத்துக்குக் காரணத்தை எழுதுங்கள்: "இந்தப் பூட்டை வெளியே நகர்த்தினால், சாதனம் கழற்றப்படும் வேளையில் நினைவகம் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன், நான் பார்க்கத் தவறியது ஏதும் உண்டா?" என்பது போல. இது மரியாதைக் குறைவு அன்று. காரணத்தோடு மறுக்கும் புதியவரைப் பராமரிப்பாளர்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக இருந்து பேட்ச்களை ஏற்பவர்கள்) விரும்பவே செய்வார்கள். மீளாய்வாளர் கேட்ட கேள்வி நிரலில் மாற்றம் எதையும் வேண்டாததாக இருந்தாலும், அந்தக் கேள்வி எழுந்தது என்பதே அவ்விடம் தெளிவாக இல்லை என்பதற்குச் சான்று. ஆகவே நிரலில் ஒரு கருத்துரையாகவோ கமிட் (கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றம்) செய்தியில் ஒரு வாக்கியமாகவோ அதற்கான விடை இடம்பெற வேண்டும். இல்லாவிடில் அடுத்து வருபவரும் அதையேதான் கேட்பார்.

"மதிப்பிற்குரிய சேர் அவர்களுக்கு" என்ற தொடக்கமும், பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் நீண்ட பத்திகளும் வேண்டியதில்லை. பெயர் சொல்லி ஒரு வணக்கம், மீளாய்வுக்கு ஒரு நன்றி, பிறகு விடயம். மறுமுனையில் இருப்பவர் துரையும் அல்லர், நீங்கள் அவருடைய கணக்கப்பிள்ளையும் அல்லர்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இது. கைத்தொலைபேசியில் உள்ள ஜிமெயில் செயலியிலிருந்து பதில் எழுதினால், மடல் எச்டிஎம்எல் வடிவில் செல்லும். கர்னலின் மடற்சேவையகம் அத்தகைய மடல்களை ஏற்பதில்லை. நீங்கள் எழுதியது குழுவுக்குப் போய்ச் சேராது. நேரடியாகப் பெற்றவர் மட்டும் அதைக் காண்பார். தொலைபேசியின் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்ந்து, தண்டர்பேர்ட் அல்லது மட் போன்ற ஒரு மென்பொருளில், வெற்று உரையாக மட்டுமே எழுதுங்கள்.

எவ்வளவு காத்திருப்பது

கர்னலின் ஆவணம், மீண்டும் அனுப்புவதற்கோ நினைவூட்டுவதற்கோ முன் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது. வலையமைப்புப் பகுதியின் விதி வேறு: எந்நிலையிலும் 24 மணி நேரத்துக்குள் ஒரே பேட்ச்சை இருமுறை அனுப்பக்கூடாது என்பது அங்கே எழுதிவைக்கப்பட்ட ஒழுங்கு. இவற்றுக்குள் எதைப் பின்பற்றுவது என்பது உங்கள் பேட்ச் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. என் சொந்தக் கணிப்பைக் கேட்டால், விதி கேட்கும் காலமும் கழிந்து, உரையாடலும் ஓய்ந்து இரண்டு மூன்று நாட்கள் ஆன பிறகு அனுப்புவதே எங்கும் பொருந்தும். ஒருவர் கேட்ட திருத்தத்தைச் செய்து அனுப்பிய பிறகு, வேறொருவர் முதற்பதிப்பைப் படித்து நேர்மாறானதைக் கேட்டால், குழுவில் இரண்டு உரையாடல்கள் கிளைவிட்டு எவருக்கும் தலைகால் புரியாமல் போகும்.

இதை நான் பட்டே அறிந்தேன். என் மூன்றாவது பேட்ச் என்று நினைவு. ஒரே இரவில் இரண்டாம், மூன்றாம், நான்காம் பதிப்புகளை அடுத்தடுத்து அனுப்பினேன். இரண்டாவதில் ஓர் எழுத்துப்பிழை, மூன்றாவதில் அதைத் திருத்தும்போது நேர்ந்த தொகுப்புப் பிழை (நிரலை இயங்கும் வடிவாக்கும்போது வரும் பிழை). காலையில் எழுந்து பார்த்தபோது, மீளாய்வாளர் இரண்டாம் பதிப்பை ஒரு மணி நேரம் செலவிட்டுப் படித்துக் கருத்து எழுதியிருந்தார். அந்நேரம் அது செத்த பதிப்பு. அவர் கோபிக்கவில்லை. "எதைப் படிப்பது என்று நீங்களே முடிவு செய்த பிறகு எனக்குச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். கோபித்திருந்தால் இவ்வளவு நாள் நினைவில் நின்றிருக்காது.

நேர வேறுபாட்டையும் எண்ணிப் பாருங்கள். நமக்கு இரவு ஒன்பது மணி ஆகும்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் அலுவலகங்கள் இன்னும் திறந்திருக்காது; ஐரோப்பாவில் வேலை முடியும் நேரம். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே ஒரு நாள் செல்வது இயல்பு. இதனுடன் கர்னலின் வெளியீட்டுச் சுழற்சியும் சேர்கிறது. ஒவ்வொரு வெளியீட்டையும் அடுத்து இரண்டு வாரங்களுக்கு, புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இணைப்புக் காலம் திறந்திருக்கும். அப்போது பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேகரித்தவற்றை மேலே அனுப்புவதில் மூழ்கியிருப்பார்கள். பின்னேரம் மடுவத்தில் (தோட்டத்தின் நிறுவைக் கொட்டகையில்) கொழுந்து நிறுக்கும் வேளையில், வரிசை நீண்டு கிடக்கும்போது, தராசருகே நின்று நாளைக்கு எந்த மலையில் பறிப்பது என்று பேச முற்படுவதைப் போன்றதுதான் அந்த இரண்டு வாரங்களில் புதிய பதிப்பை அனுப்புவது. வலையமைப்புப் பகுதியில் புதிய வசதிகளுக்கான கிளை அக்காலத்தில் மூடப்பட்டே இருக்கும். முதல் வெளியீட்டு வேட்பாளர் (வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பு) வந்த பிறகு அனுப்புங்கள்.

திருத்தத்தை ஆயத்தப்படுத்துதல்

முதற்பதிப்பு இருந்த கிளையை அழிக்காமல், அதற்கொரு பெயர் கொடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதுக்கிளை ஒன்றைத் தொடங்குங்கள். பழையது கையில் இருந்தால்தான் பின்னர் இரண்டையும் ஒப்பிட முடியும்.

கிட்ஹப்பில் பழகியவர்கள், கேட்ட திருத்தங்களைப் புதிய கமிட்டாக மேலே அடுக்கிவிடுவார்கள்: "மீளாய்வுக் கருத்துகளைச் சரிசெய்தேன்" என்று ஒன்று, "மேலும் திருத்தங்கள்" என்று இன்னொன்று. மின்னஞ்சல் முறையில் இதற்கு இடமில்லை. வரலாற்றில் நிலைக்கப்போவது நீங்கள் தடுமாறிய பாதை அன்று, முடிவில் சரியான நிரல் மட்டுமே. ஆகவே பிழை எந்தப் பேட்ச்சில் உள்ளதோ அந்தப் பேட்ச்சுக்குள்ளேயே திருத்தம் சென்று சேர வேண்டும். கமிட் கட்டளையின் 'ஃபிக்ஸ்அப்' தெரிவைக் கொண்டு திருத்தத்தை எழுதி, 'ஆட்டோஸ்குவாஷ்' தெரிவோடு ஊடாடு ரீபேஸ் (கமிட்களை மறுபடி அடுக்கி எழுதும் வேலை) செய்தால், கிட் அதை உரிய கமிட்டோடு தானே கலந்துவிடும். அதன் பிறகு தொடரில் (ஒன்றாக அனுப்பும் பேட்ச்களின் வரிசையில்) உள்ள ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனியே தொகுக்கப்படுகிறதா என்று பாருங்கள். பின்னொரு காலத்தில் யாரோ ஒருவர் ஒரு வழுவைத் தேடி 'பைசெக்ட்' கட்டளையால் வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு வரும்போது, உங்கள் தொடரின் நடுவே தொகுக்க முடியாத ஒரு கமிட் இருந்தால் அவருடைய தேடல் அங்கேயே தடைப்படும்.

கேட்கப்படாத மாற்றங்களை இடையே நுழைக்காதீர்கள். திருத்தும்போது பக்கத்தில் உள்ள ஒரு மாறியின் பெயர் அழகாக இல்லை என்று கண்ணில் படும். அதற்குத் தனிப் பேட்ச் எழுதலாம், அல்லது விட்டுவிடலாம். பின்னர், பேட்ச்சின் நடைப்பிழைகளைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' நிரலை மீண்டும் ஓட்டுங்கள். முதற்பதிப்பில் ஓட்டியது இரண்டாம் பதிப்புக்குச் செல்லாது.

இறுதியாக 'ரேஞ்ச்-டிஃப்' கட்டளையால் பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒப்பிடுங்கள். 2018இல் கிட் 2.19உடன் வந்த இந்தக் கட்டளையே என் கணிப்பில் திருத்திய பேட்ச் அனுப்புவோருக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி. இரண்டு பேட்ச்களுக்கு இடையிலான வேறுபாட்டை, அதாவது வேறுபாட்டின் வேறுபாட்டை, அது காட்டும். பார்க்கச் சற்று மிரட்டும். பழகிவிட்டால், நீங்கள் மாற்றியதாக நினைத்தவையும் உண்மையில் மாறியவையும் ஒன்றுதானா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பதிப்பெண்ணும் மாற்றக் குறிப்பும்

கமிட்களை மடல்களாக்கும் 'ஃபார்மட்-பேட்ச்' கட்டளைக்கு '-வி2' என்ற தெரிவைக் கொடுத்தால் தலைப்பு "[பேட்ச் வி2 1/3]" என்று அமையும். தொடரில் மூன்று பேட்ச்கள் இருந்து ஒன்றில் மட்டும் திருத்தம் செய்திருந்தாலும், மூன்றையும் புதிய எண்ணோடு மீண்டும் அனுப்ப வேண்டும். முதலாவது வி1, இரண்டாவது வி3, மூன்றாவது வி2 என்று கலந்துகிடந்தால் பராமரிப்பாளர் எதை எடுப்பார்? எதையும் எடுக்கமாட்டார்.

முந்திய பதிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதைச் சொல்லும் மாற்றக் குறிப்பு, இந்த வேலையின் மையம் எனலாம். தொடராக இருந்தால் அது, தொடரை அறிமுகம் செய்யும் முகப்பு மடலில் இடம்பெறும். தனிப் பேட்ச்சில், கமிட் செய்தி முடிந்து வரும் "---" என்ற மூன்று கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை, பேட்ச்சை ஏற்கும்போது கிட் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே மீளாய்வாளருக்குப் பயன்படும் குறிப்பு நிரந்தர வரலாற்றில் ஏறாமல் அங்கேயே நின்றுவிடும். கோட்டுக்கு மேலே எழுதிவிட்டால், பத்தாண்டுகள் கழித்து அந்த வரலாற்றைப் படிப்பவர், தாம் காணவே இயலாத முதற்பதிப்பில் இருந்த எழுத்துப்பிழையைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கும்.

"மீளாய்வுக் கருத்துகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது" என்பது மாற்றக் குறிப்பு ஆகாது. என்ன, எங்கே, யார் சொல்லி என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

வி1இலிருந்து வி2வரை:
- பிழை நேரும் பாதையில் கடிகாரத்தை நிறுத்தத் தவறியதைச் சரிசெய்தேன் (மீளாய்வாளரின் பெயர்)
- இரண்டாம் பேட்ச்சை இரண்டாகப் பிரித்தேன். பெயர் மாற்றம் இப்போது தனியே உள்ளது (இன்னொருவரின் பெயர்)
- காத்திருப்பு நேரத்தை மாறிலியாக்கும் பரிந்துரையை ஏற்கவில்லை. காரணம் முதற்பதிப்பின் உரையாடலில் உள்ளது

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். செய்யாததையும் சொல்ல வேண்டும். நான்காம் பதிப்பை அனுப்பும்போது வி3, வி2 ஆகியவற்றின் குறிப்புகளையும் புதியது மேலே வருமாறு வைத்திருங்கள். நடுவில் வந்து சேரும் மீளாய்வாளருக்கு அதுதான் கதைச்சுருக்கம். முந்திய பதிப்புகள் கர்னலின் மடற்காப்பகத்தில் இருக்கும் இணைய முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.

'ரீசெண்ட்' என்ற குறியைப் பலரும் தவறாகக் கையாளுகிறார்கள். ஓர் எழுத்தும் மாறாத அதே பேட்ச்சை மீண்டும் அனுப்பும்போது மட்டுமே அது தலைப்பில் வர வேண்டும். கமிட் செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றியிருந்தாலும் அது புதிய பதிப்பு; எண் ஏற வேண்டும்.

பிறர் தந்த அடிவரிகளும் உங்கள் பெயரும்

மீளாய்வாளர் ஒருவர், தாம் படித்துச் சரிபார்த்ததாகச் சொல்லும் 'ரிவ்யூட்-பை' என்ற வரியைத் தந்திருந்தால், அடுத்த பதிப்பில் அதைக் கமிட் செய்தியின் அடியில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. 'டெஸ்டட்-பை' (சோதித்தவர்), 'ஏக்ட்-பை' (உடன்பட்டவர்) ஆகியவையும் அவ்வாறே. மறந்துவிட்டால், படித்தவரை மீண்டும் படிக்க வைக்கிறீர்கள். கர்னல் பேட்ச்களைக் கையாள உதவும் பி4 என்ற கருவியின் 'டிரெய்லர்ஸ்' கட்டளை, காப்பகத்தில் தேடி இவற்றைத் தானே சேர்த்துத் தரும். அதே வேளை, அவர் படித்த பிறகு பேட்ச்சைப் பெரிதாக மாற்றிவிட்டால் அவ்வரியை நீக்கிவிட வேண்டும். நீக்கியதையும் காரணத்தையும் மாற்றக் குறிப்பில் சொல்ல வேண்டும். படித்திராத நிரலுக்கு அவருடைய பெயர் சாட்சியாக நிற்கக்கூடாது. ஒருவர் கருத்துச் சொன்னார் என்பதற்காக, அவர் தராத 'ரிவ்யூட்-பை' வரியை நன்றிக்கடனாக நீங்களே எழுதிவிடுவது பெரும்பிழை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது பொய்ச்சாட்சிதான்.

உங்கள் பெயரைப் பொறுத்தவரை, 2004இலிருந்து கர்னலில் ஒவ்வொரு பேட்ச்சும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியோடு வர வேண்டும். நிரலைத் திட்டத்தின் உரிமத்தின் கீழ் தர உங்களுக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுகிறவர்கள். வி1இல் முதலெழுத்து, வி2இல் முழுப்பெயர், மடலின் அனுப்புநர் இடத்தில் வேறொன்று என்று மாற்றிக்கொண்டிருந்தால் ஆசிரியர் பெயரும் கையொப்பமும் பொருந்தவில்லை என்று 'செக்பேட்ச்' எச்சரிக்கும். ஒன்றைத் தெரிவுசெய்து கிட் அமைப்பில் பதிந்துவிடுங்கள். நான் தகப்பனார் பெயரை இரண்டாவதாக எழுதினேன். அதனால் இன்றுவரை சில மீளாய்வாளர்கள் அவரைப் பெயர் சொல்லி விளித்தே எனக்கு எழுதுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தோடு நின்ற மனிதர், லினக்ஸ் கர்னல் பற்றி இத்தனை மடல்கள் பெறுவார் என்று எண்ணியிருக்கமாட்டார்.

யாருக்கு, எந்த இழையில்

முதற்பதிப்பைப் பெற்ற அனைவரும், கருத்துச் சொன்ன அனைவரும் புதிய பதிப்பின் பெறுநர்களாக இருக்க வேண்டும். விமர்சித்தவரை மட்டும் விட்டுவிடுவது எல்லோர் கண்ணிலும் படும்.

பழைய உரையாடலுக்கு மறுமொழியாக அனுப்புவதா, புது இழையாகவா (தனி உரையாடலாகவா) என்பதில் திட்டத்துக்குத் திட்டம் வழக்கு மாறும். கர்னலில், பல பேட்ச்கள் கொண்ட தொடரைப் பழைய இழையில் கோக்காமல் புதிதாகவே தொடங்கச் சொல்கிறார்கள், கியூஎமுவிலும் அவ்வாறே. கிட் திட்டத்திலோ, முதற்பதிப்பின் முகப்பு மடலுக்கு மறுமொழியாக வி2வை அனுப்புவதே முறை. போஸ்ட்கிரெஸில் பேட்ச்கள் பதிப்பெண் தாங்கிய இணைப்புக் கோப்புகளாகவே அதே உரையாடலில் செல்கின்றன. கர்னலில் இணைப்புக் கோப்பாக அனுப்பினால், வரிக்கு வரி மேற்கோள் காட்டிப் பதில் எழுத முடியாது என்று முகம் சுளிப்பார்கள். ஆகவே அந்தந்தத் திட்டத்தின் ஆவணத்தைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பும் பொத்தானுக்கு முன், முழுத் தொடரையும் உங்கள் முகவரிக்கே ஒருமுறை அனுப்பி, வந்ததைச் சேமித்து, சுத்தமான கிளையொன்றில் 'கிட் ஏஎம்' கட்டளையால் ஏற்றிப் பாருங்கள். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் பேட்ச்சை வெட்டி ஒட்டினால் அது டேப்களை வெற்றிடங்களாக மாற்றிவிடும். பேட்ச் எங்கும் ஏறாது. 'செண்ட்-ஈமெயில்' கட்டளையே பாதுகாப்பானது.

மௌனமும் முடிவும்

மறுமொழி வராவிட்டால் ஒன்றிரண்டு வாரங்களின் பின், அனுப்பிய பேட்ச்சுக்கே மறுமொழியாக ஒற்றை வரியில் பணிவாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், புதிய அடித்தளத்தில் சிக்கலின்றி ஏறுகிறதா என்று சோதித்து, மாற்றமின்றி 'ரீசெண்ட்' குறியோடு அனுப்பலாம். தடை உங்கள் பக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, வி3ஐ எதிர்பார்த்திருந்தவருக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரங்களின் பின் பார்த்தால், நான் கைவிட்டுவிட்டேன் என்று எண்ணி அவரே அந்த வேலையை எழுதத் தொடங்கியிருந்தார். தாமதமாகும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் காத்திருந்திருப்பார்.

பேட்ச்சை ஏற்றுக்கொண்டதாக ஒருநாள் மடல் வரும். அதன் பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் வி5 என்று எதையும் அனுப்பாதீர்கள். ஏற்கப்பட்டது பராமரிப்பாளரின் மரத்தில் (நிரல் களஞ்சியத்தில்) ஏறிவிட்டது, அதை மாற்றி வைக்க முடியாது. அதன் மேல் ஏறக்கூடிய சிறு பேட்ச்சொன்றைப் புதிதாக எழுதி, பிழையைக் கொண்டுவந்த உங்கள் கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் 'ஃபிக்ஸஸ்' வரியில் குறிப்பிட்டு, எண்ணில்லாத முதற்பதிப்பாக அனுப்புங்கள்.